சூரியனை நோக்கிப் போகும் சாலையில் 21 அடி விதி

அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போய், நான்கைந்து மாதம் தங்கிவிட்டு வருவது நம் மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் இன்று சாதாரணமாகிவிட்டது. போய் வந்தவர்களைக் கேட்டால் நயாகரா நீர்வீழ்ச்சி, சுதந்திர தேவி சிலை, பிட்ஸ்பர்க் பெருமாள் கோயில் என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். இப்போது அந்தப் பட்டியலில் டிரெய்லர் பயணமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ள ஒரு சின்ன வீட்டைச் சக்கரத்தின் மேல் வைத்து, பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவது. சங்கத்து அன்பர்கள் இரண்டு மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "பையன் டிரெய்லர் எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போகலாம் என்கிறான். அவ்வளவு நீள வண்டியோடு மலை ஏறுவது சரிப்படுமா சார்? ஆபத்தில்லையா?"

டிரெய்லர் வயதானவர்களுக்கு நல்ல வசதிதான். சொந்தக் கழிப்பறை, சொந்த அடுப்பு, நினைத்த நேரத்தில் ரசம் சாதம். இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அதை மலைமேல் இழுத்துப் போக வேண்டியதில்லை. சில இடங்களில் விடவும் மாட்டார்கள். அடிவாரத்து முகாமில் அதைக் கழற்றி நிறுத்திவிட்டு, வெறும் வண்டியில் காலையில் ஏறி மாலையில் இறங்கிவிட வேண்டும். ஏன் அப்படி என்பதை, 2023 ஜூலை மாதம் என் மகன் குடும்பத்துடன் நாங்கள் போய் வந்த கிளேசியர் தேசியப் பூங்காவை வைத்தே சொல்கிறேன். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து, வளைவையும் ஏற்றத்தையும் அளந்தே காலம் கழித்தவன் நான். ஆகையால் கொஞ்சம் கணக்கும் நடுவில் வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பூங்கா மொன்டானா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், கனடா எல்லையைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. 1910-ஆம் ஆண்டு மே 11 அன்று தேசியப் பூங்கா ஆயிற்று. 1932-ல் எல்லைக்கு அப்பாலுள்ள வாட்டர்டன் பூங்காவோடு சேர்த்து 'சர்வதேச அமைதிப் பூங்கா' என்று பெயரிட்டார்கள். 1995-ல் இரண்டும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. மலையின் கிழக்குப் பாதி முன்பு பிளாக்ஃபீட் என்ற பழங்குடி மக்களுடைய நிலம். 1895-ல் ஓர் உடன்படிக்கை போட்டு அமெரிக்க அரசு அதை வாங்கியது. இன்றும் பூங்காவின் கிழக்கு எல்லைக்கு அடுத்து அவர்களுடைய ஒதுக்கீட்டு நிலம்தான்.

பூங்காவின் நடுவே வடக்குத் தெற்காக ராக்கி மலைத்தொடர் ஓடுகிறது. கண்டத்தின் நீரைப் பிரிக்கும் முகடு இதுதான். முகட்டுக்கு மேற்கே விழும் மழை பசிபிக் கடலுக்குப் போகும். கிழக்கே விழுவதில் ஒரு பகுதி மிசௌரி, மிசிசிப்பி ஆறுகள் வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கும், இன்னொரு பகுதி வடக்கே திரும்பி ஹட்சன் விரிகுடாவுக்கும் போகும். மூன்றும் சந்திக்கும் சிகரம் ஒன்று பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. அதன் பெயரே 'டிரிபிள் டிவைட்'.

இந்த முகட்டைக் கடக்க இங்கே இரண்டு வழிகள். ஒன்று தெற்கே மரையாஸ் கணவாய். ரயில் பாதையும், அதையொட்டி யு.எஸ். 2 என்ற நெடுஞ்சாலையும் அதன் வழியாகப் போகின்றன. இன்னொன்று பூங்காவின் நெஞ்சைப் பிளந்துகொண்டு போகும் லோகன் கணவாய். அதன் வழியாகச் செல்லும் சாலைக்குத்தான் 'கோயிங் டு தி சன்' சாலை என்று அழகான பெயர். சூரியனை நோக்கிப் போகும் சாலை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். முதல் வழி பாரம் இழுப்பதற்காகப் போட்டது. இரண்டாவது கண்ணால் பார்ப்பதற்காகவே போட்டது. டிரெய்லர் எந்த வழியில் போகலாம் என்ற கேள்விக்கு விடை இந்த வித்தியாசத்திலேயே அடங்கியிருக்கிறது.

அந்தச் சாலையின் கதையைச் சொல்ல வேண்டும். நீளம் சுமார் 80 கிலோமீட்டர். 1921-ல் வேலை தொடங்கி, 1932 இலையுதிர் காலத்தில் முழு நீளத்துக்கும் கார் ஓடியது. 1933 ஜூலை 15 அன்று கணவாயின் உச்சியில் திறப்பு விழா நடந்தது. முதலில் குட்வின் என்ற பொறியாளர் போட்ட திட்டத்தில் லோகன் ஓடைப் பள்ளத்தாக்கின் வழியாக 15 கொண்டை ஊசி வளைவுகள். நம் கொல்லிமலைக்கு எழுபது வளைவு உண்டே, அதுபோல மலையைக் கீறிக்கொண்டே ஏறுவது. தாமஸ் விண்ட் என்ற இயற்கைக் காட்சி வடிவமைப்பாளர் இதற்குச் சம்மதிக்கவில்லை. அத்தனை வளைவு போட்டால் பள்ளத்தாக்கே சுரங்கக்காரர்கள் தோண்டிப் போட்ட இடம்போல் ஆகிவிடும் என்பது அவர் கட்சி. ஒரே ஒரு வளைவு போதும், மற்றபடி செங்குத்துப் பாறையின் இடுப்பில் ஒரு கோடு கிழித்ததுபோல் சாலை ஏறட்டும் என்றார். 1924-ல் கிட்ரெட்ஜ் என்ற பொறியாளர் அந்தத் தடத்தை அளந்து முடித்தார். செங்குத்துப் பாறையில் கயிற்றில் தொங்கி அளக்க வேண்டிய வேலை. ஆட்கள் வருவதும் பயந்து ஓடுவதுமாக இருந்தார்களாம். கட்டுமானத்தில் மூன்று தொழிலாளிகள் உயிரிழந்தார்கள்.

ஏற்றம் 6 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அந்தக் காலத்துக் கார்களின் சக்தி அவ்வளவுதான். 6 சதவீதம் என்றால் நம் ரயில்வே பாஷையில் ஏறக்குறைய 1-க்கு 17, அதாவது 17 அடி போனால் 1 அடி ஏறும். கசாராவிலிருந்து இகத்புரி ஏறும்போது ரயிலுக்குப் பின்னால் தள்ளு இன்ஜின் மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஏற்றம் 1-க்கு 37. அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் செங்குத்து இது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பல்சக்கர ரயில்பாதை ஏறக்குறைய 1-க்கு 12. கார் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள ஏற்றத்தை ரப்பர் டயரின் பிடிப்பை மட்டும் நம்பி ஏறுகிறது. காருக்கு இது பெரிய விஷயமில்லை. பின்னால் வீட்டையும் கட்டி இழுத்தால்தான் பிரச்சினை.

இனி விதிக்கு வருகிறேன். மேற்கே அவலாஞ்ச் முகாம் மைதானத்துக்கும், கிழக்கே ரைசிங் சன் என்ற இடத்துக்கும் இடையே, முன்னும் பின்னும் உள்ள பம்பர்களைச் சேர்த்து 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டி போகக் கூடாது. இழுக்கும் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்தால் இரண்டையும் கூட்டித்தான் கணக்கு. பக்கக் கண்ணாடிகளைச் சேர்த்து அகலம் 8 அடிக்கு மேல் இருக்கக் கூடாது. உயரம் 10 அடிக்கு மேலிருந்தால், உச்சியிலிருந்து மேற்கே இறங்கும்போது தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகள் தொந்தரவு கொடுக்கும் என்று எச்சரிக்கிறார்கள். பெரம்பூரில் செய்த நம் ஐ.சி.எஃப். பெட்டி ஒன்றின் நீளம் 21 மீட்டருக்குச் சற்று மேல். இங்கே அனுமதி 21 அடி!

இது அதிகாரிகளின் கெடுபிடி என்று சிலர் முணுமுணுப்பதைக் கேட்டேன். கெடுபிடி ஒன்றுமில்லை, சாதாரண ஜியோமிதி. நீளமான எந்தப் பொருளும் வளைவில் திரும்பும்போது வளைந்துகொடுக்காது. ரயில் பெட்டி வளைவில் நிற்கும்போது அதன் நடுவயிறு உள்பக்கமாகப் பிதுங்கும், இரண்டு முனைகளும் வெளியே நீட்டும். 10 டிகிரி வளைவில், அதாவது 175 மீட்டர் ஆரத்தில், ஐ.சி.எஃப். பெட்டியின் நடுப்பகுதி ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் உள்ளே வரும். அதற்கென்றே வளைவிலுள்ள பிளாட்பாரத்தையும் சிக்னல் கம்பத்தையும் தள்ளி வைப்போம். தள்ளி வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

டிரெய்லரில் இதே விஷயம் இன்னும் மோசமாக நடக்கும். முன்வண்டியின் சக்கரம் போன தடத்தில் டிரெய்லரின் சக்கரம் போகாது. வளைவை உள்பக்கமாகக் குறுக்கே வெட்டும். எவ்வளவு வெட்டும் என்பதற்கு எளிய தோராயக் கணக்கு உண்டு: கொக்கியிலிருந்து டிரெய்லர் அச்சு வரையுள்ள நீளத்தை அதே நீளத்தால் பெருக்கி, வளைவின் ஆரத்தைப்போல் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். எங்கள் டிரெய்லரில் அந்த நீளம் ஐந்தரை மீட்டர். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவென்றால் ஒரு மீட்டர் வருகிறது. இழுக்கும் பிக்கப்பின் பின்சக்கரமும் தன் பங்குக்கு அரை மீட்டர் உள்ளே வரும். ஆக ஒன்றரை மீட்டர். இரண்டு வண்டிகள் எதிரெதிரே ஒதுங்கிப் போகும் சாலையில், ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் முழங்கால் உயரக் கல்சுவர், அதற்கப்பால் பல நூறு அடிப் பள்ளம். இதில் ஒன்றரை மீட்டரை எங்கே போய்த் தேடுவது? உள்பக்கத்தில் பாறை உரசாமல் இருக்க வேண்டுமானால் எதிரே வருகிறவனுடைய பாதிச் சாலையில் புகுந்துதான் திரும்ப வேண்டும்.

இன்னொரு காரணம் இறக்கம். ஏறுவதில் ஆபத்து குறைவு, இஞ்சின் திணறும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் பிரேக்குக்குச் சோதனை. எங்கள் பிக்கப், ஆட்கள், டிரெய்லர் எல்லாம் சேர்த்தால் ஐயாயிரத்து நானூறு கிலோ அளவுக்கு வரும். லோகன் கணவாயிலிருந்து மேற்கே மெக்டொனால்ட் ஏரி வரை இறக்கம் ஏறக்குறைய 1,065 மீட்டர். அத்தனை பாரம் அத்தனை உயரத்திலிருந்து இறங்கும் சக்தி முழுவதும் எங்கோ வெப்பமாக மாறித்தான் ஆக வேண்டும். 30 டிகிரியிலுள்ள தண்ணீர் 190 லிட்டரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. கீழ் கியரில் இறங்கினால் இஞ்சின் அதில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அத்தனையும் பிரேக் தட்டில் ஏறும். சூடு ஒரு அளவுக்கு மேல் போனால், மிதித்தாலும் பிடிப்பு இராது. மலைப் பாதையில் ரயில் கட்டுமீறி வந்தால் மேட்டுப் பக்கம் திருப்பிவிடக் கசாரா பக்கத்தில் கேட்ச் சைடிங் போட்டு வைத்திருக்கிறோம். பாறை இடுப்பில் போட்ட இந்தச் சாலையில் அதற்கெல்லாம் இடம் எங்கே?

டிரெய்லரின் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ரயிலில் பெட்டிகளுக்கு நடுவே இணைப்பு அறுந்தால் காற்றுக் குழாயும் அறுந்து, அழுத்தம் குறைந்து, பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஏதாவது கெட்டால் வண்டி நிற்க வேண்டும் என்பது நம் தத்துவம். டிரெய்லரில் சாதாரணமாக இருப்பது மின்சார பிரேக். மின்சாரம் வந்தால்தான் பிடிக்கும், இல்லையென்றால் பிடிக்காது. நம் முறைக்கு நேர் தலைகீழ். இதைச் சரிக்கட்ட டிரெய்லரிலேயே ஒரு பேட்டரி வைத்து, முன்வண்டியோடு மெல்லிய கம்பியால் கட்டிய ஒரு முளையைச் செருகியிருப்பார்கள். டிரெய்லர் அறுத்துக்கொண்டால் முளை பிடுங்கப்பட்டு, பேட்டரி மின்சாரத்தில் பிரேக் பிடிக்கும். அந்தப் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று புறப்படுமுன் பார்க்கச் சொல்லுங்கள். என் மகன், "அப்பா, இதெல்லாம் வாடகைக்குக் கொடுத்தவனே பார்த்திருப்பான்" என்றான். நான் ஒருமுறை பிடுங்கிக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன்.

சுமை ஏற்றுவதிலும் சூட்சுமம் உண்டு. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். அதைவிடக் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். நம் வீட்டுப் பெண்மணிகள் வழக்கப்படி அரிசி மூட்டை, தண்ணீர் கேன், பருப்பு டப்பா எல்லாவற்றையும் பின்கட்டு அலமாரியில் வைக்கப் பார்ப்பார்கள். அச்சுக்கு முன்னால் வையுங்கள். இந்த விஷயத்தில் என் மருமகளுக்கு நான் வேண்டாத மாமனாராகி இரண்டு நாள் இருந்தேன்.

அடிவாரத்தில், பூங்காவின் மேற்கு வாசலுக்கு வெளியே ஒரு முகாம் மைதானத்தில் டிரெய்லரை நிறுத்தினோம். கழற்றுமுன் சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். கட்டை வைத்த பிறகுதான் கொக்கி. யார்டில் வேகன் நிறுத்துவதற்குச் சொல்லும் அதே பாடம். பிறகு பிக்கப்பின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கிச் சட்டத்தையும் உருவி உள்ளே போட்டோம். டிரெய்லர் இழுப்பதற்காக நீட்டி வைத்திருந்த பக்கக் கண்ணாடிகளை உள்ளே தள்ளினோம். அளந்து பார்த்ததில் நீளம் 20 அடிக்குள், அகலம் 8 அடிக்குள். பெரிய பிக்கப் வைத்திருப்பவர்கள் இதை முதல் நாள் மாலையே அளந்துவிடுவது நல்லது. மறுநாள் அவலாஞ்ச் அருகே ஒரு நீள மோட்டார் வீடு திருப்பி அனுப்பப்பட்டதைப் பார்த்தோம். உள்ளே வயதான தம்பதிகள். எவ்வளவு தூரத்திலிருந்து வந்தார்களோ, பாவம்.

அந்த வருடம் மேற்கு வாசலில் காலை 6 முதல் மாலை 3 மணி வரை நுழைய முன்பதிவுச் சீட்டு வேண்டும் என்று விதி. கூட்டம் தாங்காமல் 2021-ல் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஆறு மணிக்கு முன் நுழைந்தால் சீட்டு வேண்டாம். ஆகவே ஐந்து மணிக்கே புறப்பட்டுவிட்டோம். என் மனைவி நாலு மணிக்கு எழுந்து புளியோதரை கட்டிவிட்டாள். இந்த முறை வருடத்துக்கு வருடம் மாறுகிறது. போகிறவர்கள் அந்த வருடத்து அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது. உச்சியில் சாப்பாடும் விற்பதில்லை. இரண்டையும் கீழேயே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

முதலில் மெக்டொனால்ட் ஏரி, 16 கிலோமீட்டர் நீளம். கரையிலுள்ள கூழாங்கற்கள் சிவப்பு, பச்சை, ஊதா என்று வர்ணம் வர்ணமாக இருக்கின்றன. கல்லிலுள்ள இரும்பின் வேலை அது. பேத்தி ஒரு கைப்பிடி அள்ளினாள். எடுத்துப் போகக் கூடாது என்று சட்டம் இருப்பதால் திரும்பப் போடச் சொன்னோம். அங்கிருந்து காடு, பிறகு 192 அடி நீளமுள்ள ஒரு குகைப் பாதை. பாறையைக் குடைந்து பள்ளத்தாக்கைப் பார்க்க அதில் இரண்டு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். அதன்பின் அந்த ஒரே கொண்டை ஊசி வளைவு. 'லூப்' என்று பெயர். அதைத் தாண்டினால் உச்சி வரை விடாத ஏற்றம்தான்.

அமெரிக்காவில் வலப்பக்கம் ஓட்டுவதால் மேற்கிலிருந்து ஏறுகிறவர்கள் பள்ளத்து ஓரமாகப் போவார்கள். தலைசுற்றல் உள்ளவர்களை இடப்பக்கம் உட்கார வையுங்கள். என் மனைவி வலப்பக்கம்தான் உட்காருவேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்தாள். லூப் தாண்டி ஐந்து நிமிடத்தில், "என்னங்க, கொஞ்சம் மெதுவா போகச் சொல்லுங்க" என்றாள். வேக வரம்பே மணிக்கு 40 கிலோமீட்டர்தான், நாங்கள் அதற்கும் குறைவாகப் போய்க்கொண்டிருந்தோம்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சாலையின் ஓரத் தடுப்பு. பெரும்பாலும் அந்தந்த இடத்துப் பாறையை உடைத்தே கட்டிய கல்சுவர். ஆனால் பனிச்சரிவு விழும் இடங்களில் கல்சுவர் நிற்காது. அங்கே கழற்றி மாட்டும் மரத் தடுப்புகள். குளிர்காலத்துக்கு முன் கழற்றிவிட்டு, பனியை அள்ளிய பிறகு திரும்ப மாட்டுகிறார்கள். ஏப்ரலில் பனி அள்ள ஆரம்பித்தால், சாலை முழுவதும் திறக்கப் பெரும்பாலும் ஜூன் கடைசி, சில வருடம் ஜூலை நடுவு கூட ஆகிவிடும். உச்சிக்குக் கிழக்கே ஓரிடத்தில் பனி 80 அடி ஆழம் வரை குவியுமாம். அக்டோபரில் மறுபடி மூடிவிடுவார்கள். ஏறக்குறைய மூன்று மூன்றரை மாதச் சாலை இது. ஆகவே டிக்கெட் வாங்கும்போதே ஜூலை, ஆகஸ்டு என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு மணிக்கு உச்சி. வண்டி நிறுத்த அப்போதே கடைசிச் சில இடங்கள்தான் மீதி. லோகன் கணவாயின் உயரம் 2,026 மீட்டர். ஊட்டியை விட 200 மீட்டர் தாழ்வு. ஆனால் ஊட்டி 11-ஆவது அட்ச ரேகையில் இருக்கிறது, இது 48-ஐத் தாண்டியது. ஜூலையிலும் நடைபாதையின் மேல் பனி கிடந்தது. அங்கிருந்து ஹிட்டன் ஏரியைப் பார்க்கும் மேட்டுக்குப் போக வர நாலரை கிலோமீட்டர் நடை. பெரும்பகுதிக்குப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். மகனும் மருமகளும் பேத்தியும் போய் வந்தார்கள். நானும் மனைவியும் முதல் அரை கிலோமீட்டரோடு நின்று, பாறையில் உட்கார்ந்து வெள்ளை மலையாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூட்டுவலி உள்ளவர்களுக்கு அதுவே போதும். ஆடு பக்கத்தில் வந்தாலும் 25 கஜம் தள்ளி நிற்க வேண்டும், கரடிக்கு 100 கஜம். புளியோதரையை வண்டியை விட்டு வெளியே எடுத்து வைக்கக் கூடாது. உணவு வாசனை பிடித்த கரடி மனிதரைத் தேடி வரப் பழகிவிடும். பழகிய கரடியைக் கடைசியில் சுடத்தான் செய்வார்கள். முகாமிலும் டிரெய்லருக்கு வெளியே பாத்திரம் பண்டம் ஒன்றையும் இரவில் விட்டு வைக்கக் கூடாது.

உச்சியைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் ஜாக்சன் பனியாறு தெரியும் ஓரிடம் வருகிறது. சாலையிலிருந்தே ஒரு பனியாற்றைப் பார்க்கக் கிடைக்கும் அரிதான இடம். "தாத்தா, பூங்காவுக்கே கிளேசியர் என்று பேர் வைத்துவிட்டு இத்தனூண்டுதானா?" என்றாள் பேத்தி. கேள்வி நியாயமானது. 1850-ஐ ஒட்டி இந்த மலைகளில் சுமார் 150 பனியாறுகள் இருந்தன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2015-ல் எடுத்த கணக்கில், பனியாறு என்று சொல்லத்தக்க பரப்பு மிஞ்சியவை 26 மட்டுமே. பனியாறு என்றால் வெறும் பனிக்குவியல் இல்லை, தன் பாரத்தாலேயே மெல்ல நகரும் பனிக்கட்டி. உருகி ஒரு அளவுக்குக் கீழே போனால் நகர்வு நின்றுவிடும். பிறகு பெயர் மட்டும்தான் இருக்கும். பைனாகுலரைக் கொடுத்தேன், வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செயின்ட் மேரி ஏரி வரை போய்ச் சாப்பிட்டோம். ஏரிக்கரையில் 2015 தீயில் எரிந்த மரங்கள் குச்சி குச்சியாக நின்றன. இந்த ஏரித் தண்ணீர் வடக்கே ஹட்சன் விரிகுடாவுக்குப் போகிறது. காலையில் பார்த்த மெக்டொனால்ட் ஏரித் தண்ணீர் பசிபிக்குக்கு. திரும்பி அதே சாலையில் ஏறி இறங்கினோம். இறங்கும்போது மகன் இரண்டாவது கியரிலேயே வைத்திருந்தான். பாறை ஓரமாக வருவதால், பாறையிலிருந்து கசியும் நீர் வண்டியின் மேல் கொட்டியது. மாலை அவலாஞ்சில் தேவதாரு போன்ற பெரிய மரங்களுக்கு நடுவே பலகைப் பாதையில் ஒன்றரை கிலோமீட்டர் சுற்று. சமதளம், சக்கர நாற்காலியே போகலாம்.

ஒரு செலவுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 2026 ஜனவரி 1 முதல், இந்தப் பூங்கா உட்பட 11 பெரிய பூங்காக்களில், அமெரிக்காவில் வசிக்காத 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வழக்கமான கட்டணத்தோடு தலைக்கு 100 டாலர் கூடுதல் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். வெளிநாட்டவருக்கான வருடச் சீட்டு 250 டாலர். விசிட்டர் விசாவில் போகும் அப்பா அம்மாவுக்கு இது பொருந்தும். ஒன்றிரண்டு பூங்காவுக்கு மேல் போவதாக இருந்தால் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்கவும்.

மறுநாள் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிழக்கே போக வேண்டும். யு.எஸ். 2 வழியாகத்தான் போனோம். ஹில் என்பவரின் கிரேட் நார்தர்ன் ரயில்வேக்காக ஜான் ஸ்டீவன்ஸ் என்ற பொறியாளர் 1889 டிசம்பரில் இந்த மரையாஸ் கணவாயைத் தேடிக் கண்டுபிடித்தார். உறைந்து போகாமலிருக்க இரவு முழுவதும் பனியில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தாராம். பிற்காலத்தில் பனாமா கால்வாய்க்குத் தலைமைப் பொறியாளராகப் போனவர் இவர்தான். கணவாயின் உயரம் 1,589 மீட்டர். லோகன் கணவாயை விட 437 மீட்டர் தாழ்வு. ரயில் பாதையின் ஏற்றம் இருபுறமும் 2 சதவீதத்துக்கும் குறைவு. அப்படியும் மேற்கிலிருந்து ஏறும் கூட்ஸ் வண்டிகளுக்கு எஸ்ஸெக்ஸ் என்ற இடத்தில் தள்ளு இன்ஜின் சேர்ப்பது பழைய நாளிலிருந்து வந்த பழக்கம். பனிச்சரிவு விழும் இடங்களில் தண்டவாளத்துக்கு மேலே கூரை போட்டிருக்கிறார்கள். சாலையும் ஆற்றையும் ரயிலையும் ஒட்டியே அகலமாகப் போகிறது. எங்கள் 45 அடி வண்டித்தொடர் சிரமமில்லாமல் ஏறியது.

பூங்காவின் பழைய ஹோட்டல்களைக் கட்டி, ஜனங்களை ரயிலில் கொண்டுவந்து இறக்கியதும் அதே கிரேட் நார்தர்ன்தான். இன்றும் சிகாகோவிலிருந்து சியாட்டில் போகும் எம்பயர் பில்டர் ரயில் இங்கே நிற்கிறது. டிரெய்லர் வேண்டாம் என்பவர்கள் அதில் வரலாம்.

கணவாயின் மேல் ஸ்டீவன்ஸுக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். டிரெய்லரோடு நிறுத்த இடம் இருந்தது. சிலைக்கு அருகே நின்றுகொண்டிருந்தபோது மேற்கேயிருந்து ஒரு கூட்ஸ் வந்தது, முன்னால் மூன்று இன்ஜின், பின்னால் இரண்டு. பேத்தி வேகன்களை எண்ண ஆரம்பித்து எண்பதில் விட்டுவிட்டாள். நான் கடைசி வரை எண்ணினேன், நூற்றுப் பதினொன்று.